மாத்திரையைத் தேடாதீர்கள், வாளியைத் தேடுங்கள்

கத்திரி தொடங்கியதிலிருந்து ராயபுரத்தில் என் கிளினிக்கில் இதே கதைதான். போன வாரம் காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் ஒருவரை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பு கொதிக்கிறது, பெயர் கேட்டால் உளறுகிறார். மேலே போர்வை வேறு. "சூட்டு ஜுரம் டாக்டர், பாராசிட்டமால் ரெண்டு போட்டாச்சு, இன்னும் இறங்கலை" என்கிறார் மைத்துனர்.

எப்படி இறங்கும்? கிருமியால் ஜுரம் அடிக்கும்போது மூளையே உடம்பின் சூட்டைக் கூட்டி வைக்கிறது. பாராசிட்டமால் அதைத்தான் குறைக்கும். இது ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெயிலிலும் வேலையிலும் ஏறி, வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கிய சூடு. இங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை. போதாததற்கு, ஹீட் ஸ்ட்ரோக்கில் கல்லீரலும் அடிபடும். அதன் தலையில் பாராசிட்டமாலையும் ஏற்றுகிறீர்கள். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்று, அப்புறம் ஊசி போடச் சொல்லி என்னிடம் சண்டை. படித்தவர்களும் இதில் விதிவிலக்கில்லை.

வெயிலில் இருந்தவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ தாமதிக்காதீர்கள். உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் குறைத்துத்தான் காட்டும். வேர்வை நிற்கட்டும் என்றும் காத்திருக்காதீர்கள், மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேர்த்துக்கொண்டேகூட இருக்கும். 108-க்கு போன் போடுங்கள். வண்டி வருவதற்குள் நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மீன் பெட்டி ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். "ஜன்னி கண்டுடும்" என்று ஆயா தடுப்பார், கேட்காதீர்கள். நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

"கடல் பக்கத்திலேயே இருக்கோம், நமக்கென்ன" என்பார்கள். காற்றில் ஈரம் கூடினால் வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஷீட் கூரை வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களை மதியத்தில் ஒருமுறையாவது எட்டிப் பாருங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குடிப்பது வைத்தியமில்லை.

போக இடமில்லை என்று மதியம்வரை தண்ணீரே குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்திருக்கும் மீன்கார அக்காக்களைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்துக் கடைக்காரர்களே, உங்கள் கழிவறையைக் கொஞ்சம் திறந்துவிடுங்களேன்.