சிப் பரிசோதனை: சொட்டு வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார் பலர் காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து, மெஷினைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்த ஒரு எண்ணைப் பார்த்து போனிலேயே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும் வழக்கம் பரவிவருகிறது. இது ஆபத்து.

சர்க்கரை ஸ்ட்ரிப், சிப் ஆய்வகத்தின், அதாவது ஒரு சொட்டை வைத்துச் சின்னத் தகட்டிலேயே சோதனையை முடிக்கும் கருவியின், எளிய வடிவம்தான். நுனியில் உள்ள மெல்லிய வாய்க்கால் அரை முதல் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தைத் தானே உறிஞ்சும். உள்ளே பூசிக் காயவைத்த என்சைம் குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை மெஷின் அளக்கிறது. முழுக்க மின்வேதியியல். அந்தத் துறைக்கென்றே 1953 முதல் நம் காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இயங்குகிறது, அதுவும் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில்.

இவ்வளவு சின்ன அளவில் சின்ன அழுக்கும் பெரிய பிழையாகும். கந்தரப்பத்துக்கு வெல்லம் நுணுக்கிய கையோடு, மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் எண் கன்னாபின்னாவென்று ஏறும். ஸ்பிரிட் துடைத்தால் மட்டும் அந்த இனிப்பு முழுதாகப் போகாது; சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுப்பது நல்லது. விரலைப் பிதுக்காதீர்கள்: திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். சொட்டை ஸ்ட்ரிப் மேல் விடாமல், ஸ்ட்ரிப் நுனியைச் சொட்டில் தொட்டாலே இழுத்துக்கொள்ளும். பாதிதான் நிரம்பியது என்றால் வேறு ஸ்ட்ரிப் போடுங்கள்.

சேமிப்பிலும் தவறு நடக்கிறது. பெரும்பாலான புட்டிகளில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். நம் சித்திரை வெயில் 38ஐத் தாண்டும். காருக்குள்ளும் அடுப்படி அலமாரியிலும் வைத்தால் என்சைம் கெடும். பிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும். இரண்டாங்கட்டில் வெயில் படாத மர அலமாரி போதும். புட்டியைத் திறந்த தேதியை மேலே எழுதி, மூடியை உடனே இறுக்குங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓர் இடைவெளி இருக்கும். சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 மி.கிராமும் அதற்கு மேலும் என்றால், அளவுகளில் 95 சதவீதமாவது ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே 2013ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ தரவிதி. ஆய்வகத்தில் 200 என்றால் மெஷின் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது பழுதல்ல. ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மெஷின்கள் கூட்டியே காட்டும். ஆகவே சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முதன்முதலாக முடிவு செய்ய, கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தம்தான் வேண்டும்.

ஒரே சொட்டில் எல்லாம் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள் இருப்பதால் அவற்றை எண்ணலாம். ரத்தத்தில் பரவிய கிருமியோ ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டே இருக்கலாம்; அது அந்தச் சொட்டில் சிக்காமலே போகும். அதனால்தான் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8–10 மில்லி எடுக்கிறோம். விரலைப் பிதுக்கினால் சிவப்பணு உடைந்து பொட்டாசியமும் பொய்யாக ஏறும்.

மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சிப்புக்கு நல்ல உதாரணம், காசநோய்க்கான ட்ரூநாட். கோவாவின் மோல்பயோ நிறுவனம் உருவாக்கியது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. சளியிலிருந்து பிரித்த டிஎன்ஏவில் 6 மைக்ரோலிட்டர் சிப்பின் குழிக்குள் போகும். மொத்தம் ஒரு மணி நேரம் போல ஆகும். குழியில் காற்றுக்குமிழி விழுந்தால் சோதனையே வீண். அதைவிடப் பெரிய கோளாறு மாதிரியில்தான். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் நெகடிவ் வரும். காலையில் வாய் கொப்பளித்து, இழுத்து மூச்சுவிட்டு, நெஞ்சிலிருந்து இருமிய கெட்டிச் சளி வேண்டும்.

சிகிச்சை முடியும் தருவாயில் "சிப்பில் இன்னொரு தடவை பார்த்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதில் பாசிடிவ் காட்டும். மருந்து வேலை செய்ததா என்று அறிய, சளியை ஸ்லைடில் பார்ப்பதும் கல்ச்சர் வைப்பதுமே முறை.