ரைட் ஆஃப் வே: வழியுரிமையா, மின்தடப் பட்டையா?

டவர் லைன், அதாவது உயர்மின் கோபுரத் தடம், வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஊருக்குள் புழங்கத் தொடங்கும் சொல் ‘ஆர்.ஓ.டபிள்யூ.’ முளைக்குச்சி அடிக்க வரும் சர்வே ஆட்கள் சொல்வார்கள். பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் பத்து முறையாவது அடிபடும். விரித்தால் ‘ரைட் ஆஃப் வே’. தமிழில் ‘வழியுரிமை’, ‘பாதை உரிமை’ என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்புதான். ஆனால் அதைப் படிக்கும் விவசாயி, தன் நிலத்தில் யாரோ நடந்து போகப் பாதை கேட்கிறார்கள் என்று நினைத்தால் அது அவர் தவறு அல்ல.

ஏனென்றால் அந்தப் பொருளுக்கு நம் பத்திரங்களில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ‘வழிநடை பாத்தியம்’, ‘மாமூல் தடவழி பாத்தியம்’. அடுத்தவர் பூமி வழியாக ஆளும் மாடும் வண்டியும் போய்வரும் உரிமை அது. ஆங்கிலத்திலும் ரைட் ஆஃப் வே முதலில் இந்தப் பொருளில்தான் இருந்தது. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்லும் வழியுரிமையும் இதுவே. 20 ஆண்டுகள் தடையின்றிப் புழங்கினால் அது நிலைபெறும். பிறகு 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தண்டவாளம் ஓடும் நிலப்பட்டையையே அந்தப் பெயரால் அழைத்தன. உரிமையைக் குறித்த சொல் இடத்தைக் குறிக்கத் தொடங்கியது. குழாய், தந்தி, மின்கம்பி என்று நீளமாக ஓடும் எல்லாவற்றுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

மின்தடத்தில் இந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கம்பிக்குக் கீழே இருபுறமும் ஒதுக்கப்படும் பட்டை. இன்னொன்று, அந்தப் பட்டையைப் பயன்படுத்த மின்நிறுவனத்துக்குச் சட்டம் கொடுக்கும் உரிமை. முதலாவதை மீட்டரில் அளக்கலாம். இரண்டாவதைச் சட்டப் பிரிவில்தான் தேட வேண்டும்.

அந்தப் பிரிவு இருப்பது 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, தந்தி அதிகாரிக்கு இருந்த அதிகாரத்தை மின்தடம் அமைப்பவருக்கு அரசு ஆணை மூலம் தர வழி செய்கிறது. 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதி மின்தடங்களுக்காக மட்டும் விட்டுவைக்கப்பட்டது. அதன் 10-ஆம் பிரிவு, நிலத்தில் கிடைப்பது ‘யூஸர்’ உரிமை மட்டுமே, வேறு எந்த உரிமையும் இல்லை என்கிறது. இந்த ‘யூஸர்’ ஆளைக் குறிப்பதல்ல. பழைய சட்ட ஆங்கிலத்தில் அதற்குப் பயன்படுத்துதல் என்று பொருள். எனவே ‘பயனாளர் உரிமை’ என்று பெயர்ப்பது பிழை; ‘பயன்பாட்டுரிமை’ என்பதே சரி.

நடைமுறையில் இதன் பொருள்: டவர் நின்றாலும் பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். இது நில எடுப்பு அல்ல. நில எடுப்பு அறிவிப்பு வரட்டும், அப்போது ஆட்சேபிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். அப்படி ஓர் அறிவிப்பு வரவே வராது. எரிவாயுக் குழாய்க்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசிதழ் அறிவிப்பு உண்டு, ஆட்சேபிக்க 21 நாள் உண்டு. கொங்கு மாவட்டங்களில் குழாய், மின்தடம் இரண்டையும் எதிர்த்துப் போராட்டம் நடந்ததால் பலர் இரண்டு நடைமுறையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். மின்தடத்தில் 164 ஆணை இருந்தால் நிலத்துக்காரரின் முன் சம்மதம் தேவையில்லை என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்கள் வேலையைத் தடுத்தால் தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் விசாரித்து, நுழைய அனுமதி தரலாம். இழப்பீடு போதவில்லை என்றால் அதே பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

பட்டைக்கு வருவோம். 110 கே.வி. (கிலோவோல்ட்) தடத்துக்கு 22 மீட்டர், 220 கே.வி.க்கு 35, 400 கே.வி.க்கு 46 என்பது வழக்கமான அகலம். 800 கே.வி. நேர்மின் (டி.சி.) தடத்துக்கு 69 மீட்டர். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வந்தது இந்த வகை. 2018 இறுதியில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பகுதிகளில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் காத்திருப்புப் போராட்டம் நடத்தியபோது அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது சாலையோர நிலத்தடிக் கேபிளைத்தான். அது நடக்காத கதையல்ல. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் தடமே வடக்கஞ்சேரிக்கு அப்பால் மண்ணுக்கடியில்தான் போகிறது.

46 மீட்டர் என்றால் எவ்வளவு? சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் ஏறத்தாழ 63.6 மீட்டர். 400 கே.வி. தடம் அதை நேராகக் கடந்தால் பட்டைக்குள் வருவது 2,926 சதுர மீட்டர், அதாவது 72 சென்ட். டவர் ஒன்றுகூட நிற்காத நிலத்திலும் இதே கணக்குதான். மஞ்சள், நிலக்கடலை போடலாம். தென்னை, தேக்கு கூடாது, வீடு கூடாது. போர் போட ரிக் வண்டியை நிமிர்த்த முடியாது. கிணற்றிலிருந்து இரும்புக் குழாயைத் தூக்கும்போது கம்பிப் பக்கம் சாய்ந்தால் உயிர் போகும். மாறுமின் (ஏ.சி.) தடத்தின் கீழே நீளமாக ஓடும் கம்பி வேலியிலும் தகரக் கூரையிலும் தூண்டல் மின்னழுத்தம் ஏறும். வேலியை இடையிடையே துண்டித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எர்த் போட வேண்டும். இதைச் செய்து தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அளப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஓரக் கம்பியிலிருந்து டேப் பிடிப்பது. பட்டையை டவரின் மையக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும், 400 கே.வி. என்றால் பக்கத்துக்கு 23 மீட்டர்.

தோட்டத்துச் சாளை (வீடு) பக்கத்தில் இருந்தால் இன்னொரு அளவும் வேண்டும். அதையும் பட்டையையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். கட்டடத்துக்கான இடைவெளி விதி இது: 33 கே.வி.க்கு நேர்மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 2 மீட்டர். அதற்குமேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும், மிச்சமிருக்கும் துண்டுக்கும், 0.3 மீட்டர் கூட்ட வேண்டும். 110 கே.வி.க்கு 4.6 மற்றும் 2.9. 220-க்கு 5.5 மற்றும் 3.8. 400-க்கு 7.3 மற்றும் 5.6. நேர்மேல் அளவைக் கம்பி மிக அதிகமாகத் தொங்கும் நிலைக்குக் கணக்கிட வேண்டும். காலை ஏழு மணிக்கு அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் முழுச் சுமை ஓடும்போது அதே கம்பி நன்றாகத் தாழும். பக்கவாட்டு அளவு, காற்றில் கம்பி முழுதும் ஆடி ஒதுங்கிய இடத்திலிருந்து எண்ணப்படுவது. இரண்டு டவருக்கு நடுவில் ஆட்டம் பல மீட்டர் இருக்கும். டவரின் கைநீளம், ஆட்டம், இந்த இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் பட்டை அகலமாகிறது.

அதனால் பட்டையை உடல்நல எல்லை என்று கொள்ள முடியாது. குறை அதிர்வெண் காந்தப்புலத்தை 2002-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற 2பி வகையில் வைத்தது. அந்தக் கேள்வியைத் தனியாக, காந்தப்புல அளவீட்டோடு எழுப்ப வேண்டும். கம்பிக்கடியில் டியூப் லைட் மினுக்குவது மின்புலத்தைக் காட்டுமே தவிர காந்தப்புலத்தைக் காட்டாது.

இழப்பீட்டிலும் இந்தச் சொற்குழப்பமே பணமாகக் கரைகிறது. மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதலில் டவர் அடி நிலத்துக்கு மதிப்பில் 85%, பட்டைக்கு அதிகபட்சம் 15%. 2024 ஜூனில் இவை 200%, 30% ஆயின. நான்கு காலுக்கு இடைப்பட்ட பரப்போடு பக்கத்துக்கு ஒரு மீட்டரும் சேர்ந்தது. கால்களுக்கு இடையே 10 மீட்டர் என்றால் 100 சதுர மீட்டர் 144 ஆகும், இரண்டரை சென்ட் மூன்றரை சென்ட் ஆகும். 2025 மார்ச் துணை வழிகாட்டுதலில் ஊரகத்துக்கு 30% நீடிக்க, நகரப் பகுதிகளின் பட்டைக்கு 45%, 60% என உயர்ந்தது. மாநில அரசு எதை ஏற்று ஆணையிட்டிருக்கிறது என்பதே உங்கள் தொகையை முடிவு செய்யும். பயிர், மர இழப்பீடு இவற்றுக்கு மேல் தனி. அடித்தளம், டவர் நிறுத்துதல், கம்பி இழுத்தல் என மூன்று கட்டத்திலும் பயிர் சேதமாகும். முதல் கட்டத்திலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் கேட்க வழியிருக்காது.

ஆகவே எங்கள் பரிந்துரை: நிலப்பரப்பைக் குறித்தால் ‘மின்தடப் பட்டை’, உரிமையைக் குறித்தால் ‘பயன்பாட்டுரிமை’. கொங்கில் வண்டித்தடம், இட்டேரித் தடம் என்று தடம் இன்றும் பேச்சில் இருக்கிற சொல். மின்தடம் காதுக்கு அந்நியமாகாது. ‘வழியுரிமை’யை ஆள் நடக்கும் வழிக்கே விட்டுவிடலாம். ஆட்சியருக்கு மனு எழுதும்போது இப்படி எழுதலாம்:

“புல எண் ___-இல் அமையவுள்ள ___ கே.வி. மின்தடத்துக்கான பட்டையின் அகலம் எத்தனை மீட்டர், அதில் என் நிலத்தின் பரப்பு எத்தனை சென்ட், டவர் அடிப்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்பதைப் புலப்படத்தில் குறித்துத் தரவும். பயன்பாட்டுரிமைக்கு ஆதாரமான 164-ஆம் பிரிவு ஆணையின் நகலைத் தரவும். இழப்பீடு எந்த ஆண்டின் அரசாணைப்படி, எந்த நில மதிப்பில் கணக்கிடப்பட்டது என்று தெரிவிக்கவும். என் வீட்டுக்கான நேர்மேல், பக்கவாட்டு இடைவெளியை, அதிகபட்சத் தொய்வுக்கும் காற்றாட்டத்துக்கும் கணக்கிட்டு எழுத்தில் அளிக்கவும்.”