நத்தையுறைப் பூச்சி

வட அமெரிக்க ஓடைகளில் வாழும் ஹெலிகோசைக்கி போரியாலிஸ் என்னும் கேடிஸ் பூச்சி, அறிவியல் ஏட்டில் முதலில் நத்தையாகத்தான் பதிவாயிற்று. மணல் துகள்களாலான அதன் சுருள் கூட்டைக் கண்ட ஐசக் லீ என்னும் அமெரிக்க அறிஞர், அதை நன்னீர் நத்தையின் ஓடு எனக் கருதி, 1834-இல் 'மணல் தாங்கி' எனப் பொருள்படும் 'அரெனிஃபெரா' என்ற பெயரை இட்டார். பார்த்தவர் எவரும் ஏமாறக்கூடிய வடிவந்தான் அது.

அதைக் கட்டுவது பூச்சியின் புழு. வாயருகே சுரக்கும், நீருக்குள்ளும் ஒட்டும் பட்டிழையால் மணல் துகள்களைப் பிணைத்து, உடல் வளர வளர வாய்ப்பக்கத்தில் புதிய துகள்களைச் சேர்த்துக் கூட்டை அகலப்படுத்துகிறது. அதன் உடலும் கூட்டுக்கேற்ப வளைந்தே இருக்கும். பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று, பருவம் முதிர்ந்ததும் அதே கூட்டைக் கல்லில் ஒட்டி, வாயை அடைத்து, உள்ளேயே உருமாறுகிறது.

பேரினப் பெயரில் சுருளைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்', உயிரையும் வண்ணத்துப்பூச்சியையும் ஒருங்கே குறிக்கும் 'சைக்கி' என்னும் இரு கிரேக்கச் சொற்கள் உள்ளன. 'போரியாலிஸ்' என்பது 'வடக்குக்குரியது'. கேடிஸ் பூச்சிகள் அனைத்தும் அடங்கும் உயிரியல் வரிசையின் பெயரான டிரைகாப்டெராவும் கிரேக்கமே: 'த்ரிக்ஸ்' மயிர், 'ப்டெரான்' சிறகு. நெருங்கிய உறவான அந்துப்பூச்சிகளின் சிறகைச் செதில்கள் மூட, இவற்றின் சிறகை மென்மயிர் மூடுகிறது. 'கேடிஸ்' என்பதன் மூலம் முடிவானதன்று. அப்பெயருடைய கம்பளி நூலையும் நாடாவையும் மேலங்கியில் குத்திக்கொண்டு விற்றுத் திரிந்த வணிகரோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு.

தமிழில் வரிசையை 'மயிர்ச்சிறகிகள்' எனலாம். 'கேடிஸ்ஃபிளை' என்னும் ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி 'ஈ' என்று சேர்ப்பது பொருந்தாது. ஈக்களுக்குச் சிறகு இரண்டு, இவற்றுக்கு நான்கு. புழுவுக்குப் பெயரிடுவதில்தான் இடர் மிகுதி: கூடு கட்டுவதால் 'கூட்டுப்புழு' என்று சொல்லத் தோன்றும், ஆனால் அச்சொல் உண்ணாது உறங்கும் அடுத்த பருவத்துக்குப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது, 'நத்தைப்புழு' என்றாலோ நத்தையைப் பற்றி வாழும் ஒட்டுண்ணி என்றே படிப்பவர் கொள்வர். ஆகவே, கூட்டை 'உறை' என்றும், புழுவை 'உறைப்புழு' என்றும், இவ்வினத்தை 'வடபுல நத்தையுறைப் பூச்சி' என்றும் வழங்குவதே தகும்.