நான்காம் லெவலோடு நிறுத்துங்கள்

சனிக்கிழமை மாலை. ஈரோட்டில் என் ஆலோசனை அறையில் ஐந்து பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதையில் ஒரு பூதம் பாலத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. மந்திரவாதியாக ஆடிய 13 வயதுப் பெண்ணின் முறை. அவள் முன்னால் இரண்டு பக்கமும் அச்சடித்த நான்கு தாள்கள் கிடந்தன. முதல் தாளைப் புரட்டினாள், மூன்றாவதுக்குப் போனாள், திரும்பி வந்தாள். விரல் ஒரு வரியில் நின்றது, உதடு அசைந்தது, விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. பக்கத்துப் பையன் பென்சிலால் மேசையைத் தட்ட ஆரம்பித்தான். இன்னொருவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். கடைசியில் அவள் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எதைச் செய்வதுங்க மிஸ்? நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 11 நிமிடங்கள் போயிருந்தன.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்து, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். இவற்றில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பரவலாகத் தெரிந்தது. இதை நான் சிகிச்சை என்று சொல்வதில்லை. பேசிப் பழக ஒரு திண்ணை, அவ்வளவுதான். மேலே சொன்ன பெண் முதல் வாரத்தில் இரண்டே மந்திரங்களோடு வந்தவள். பாழுங்கிணற்றுக்குள் வெளிச்சத்தை இறக்கி, "யார் உள்ளே?" என்று அவளாகவே சத்தம் போட்டாள். அந்தக் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஆட ஆடப் பாத்திரத்தின் ஆற்றல் படிப்படியாக ஏறும், அந்தப் படிதான் லெவல். ஓராண்டு கழித்து அவள் பாத்திரம் ஒன்பதாம் லெவலுக்கு வந்திருந்தது, அவளோ பழையபடி ஊமையாகியிருந்தாள். பேசுவதற்கென்று நான் போட்டுக்கொடுத்த இடத்திலேயே அவள் வாயை நான் கட்டிவிட்டேன். கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கத்தில் இப்போது ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் தம்பி தங்கைகளைச் சேர்த்து இந்த விளையாட்டை நடத்துவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். (பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 20 லெவல்கள். முதல் லெவல் மந்திரவாதி, சில்லறை வித்தைகள் போக, இரண்டு மந்திரங்களை ஏவும் ஆற்றலோடுதான் நாளைத் தொடங்குகிறார். ஒன்பதாம் லெவலில் அது 14 ஆகிவிடுகிறது. அவர் மந்திரச் சுவடியில் குறைந்தது 22 மந்திரங்கள் இருக்கும். பாத்திரத்தின் அறிவுத்திறன் மதிப்பெண் 18 என்றால், அவற்றில் 13 அன்றைய நாளுக்குத் தயாராக இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யக்கூடிய வித்தைகள் நான்கு. ஆக, தன் முறை வரும்போது அந்தப் பிள்ளையின் முன் 17 கதவுகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம் பாயும், எவ்வளவு நேரம் நிற்கும், இன்னொரு மந்திரத்தோடு சேர்ந்து நிற்குமா என்று தனித்தனிக் கணக்கு. மனித மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். வளர்ந்தவர்களுக்கே அந்த அளவு என்றால், கூச்சத்தோடு போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 17 எதற்கு? அதே மேசையில் போர்வீரனாக ஆடுகிறவன் "வெட்டுகிறேன்" என்று சொல்லிப் பத்து விநாடியில் முடித்துவிட்டுக் காத்திருக்கிறான். குழுவுக்குள் மனத்தாங்கல் முளைப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான்.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. எங்கள் கதையில் பவானி ஆறு பெருக்கெடுத்து ஓடும், அக்கரைக்குப் போகப் பரிசல் வேண்டும். பாத்திரங்கள் இரண்டாம் லெவலில் இருந்தபோது, பரிசல்காரரோடு கூலி பேசியே ஒரு மாலை முழுக்கப் போனது. பணம் போதவில்லை. ஒருவன் துடுப்புப் போட வருகிறேன் என்றான். ஒருத்தி அவர் பேத்திக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்து மூலிகை தேடித் தந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "வாங்க" என்று சொல்லவே தயங்கும் பிள்ளை, கற்பனைப் பெரியவர் ஒருவரை "ஐயா, ஐயா" என்று அழைத்து நியாயம் பேசியது. ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கிடைக்கிறது. பிள்ளைகள் அடுத்த முறை அதே ஆற்றங்கரைக்கு வந்தபோது அவளும் இன்னொருவனும் மாறி மாறி எல்லாரையும் பறக்கவைத்தார்கள். பரிசல்காரரை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அந்த ஐந்தாம் லெவலில்தான் தீப்பந்தும் வருகிறது. எட்டுப் பகடைகளை உருட்ட வேண்டும், சராசரி 28 புள்ளிச் சேதம். புத்தகத்தில் உள்ள சாதாரணக் குட்டிச்சாத்தானின் உயிர்ப்புள்ளி வெறும் 7. பதுங்கியிருக்கும் கூட்டத்தை எப்படித் தாண்டலாம், யாரைப் பேச்சுக்கு இழுக்கலாம் என்று யோசிக்கவே இடமில்லை. ஒன்பதாம் லெவலில் பூசாரிப் பாத்திரம் 500 பொற்காசு பெறும் வைரம் ஒன்றைச் செலவழித்தால் செத்தவர் எழுந்துவிடுவார்.

நம் பக்கத்து அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன குறை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் தங்காள் படுகளத்துக்கு வருகிறாள், விழுந்து கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் எழுப்புகிறாள். ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர இரவு இரவாகப் பாட்டு நடக்க வேண்டும். பிறப்பு, பகை, கொம்பன் பன்றி, சண்டை எல்லாம் கடந்து, ஒரு தங்கையின் ஒப்பாரியில் போய் அது நிற்கிறது. எழுந்தவர்களும் நிலைப்பதில்லை. சாவு அவ்வளவு கனமாக இருப்பதால்தான் எழுப்புவதற்கும் கனம் இருக்கிறது. வைரத்தைக் கொடுத்து எழுப்பிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு என் பிள்ளைகள் எதற்கும் பதறவில்லை. பதறாத இடத்தில் ஒருவரையொருவர் காப்பாற்றவும் மாட்டார்கள்.

லெவலுக்கு வரம்பு வைப்பது நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட இந்த விளையாட்டுக்கு 1981இல் வந்த தொடக்கநிலைப் புத்தகம் முதல் மூன்று லெவல்களோடு முடிந்துவிடும். தொடர்ந்து ஆடினாலும் அந்தப் பதிப்பில் கற்பனை இனப் பாத்திரங்களான குள்ளர்களுக்கு 12, எல்ஃபுகளுக்கு 10, ஹாஃப்லிங்குகளுக்கு 8 என்று லெவலுக்கு உச்சவரம்பு இருந்தது. பிறகு 3.5 பதிப்பு புழங்கிய காலத்தில் 'ஈ6' என்ற முறை பிறந்தது. ஆறாம் லெவலோடு நிறுத்திவிட்டு, அதன்பின் ஒவ்வொரு 5000 அனுபவப் புள்ளிக்கும் ஒரு சிறு திறன் மட்டும் தருவது. வளர்ச்சி நிற்பதில்லை, பக்கவாட்டில் படர்கிறது.

ஐந்தாம் பதிப்பில் நான் ஆறு வரைகூடப் போவதில்லை, நான்கில் நிறுத்துகிறேன். பறப்பது, தீப்பந்து, அப்போதே செத்தவரை மீட்பது, போர்வீரனுக்கு இரண்டாவது வீச்சு எல்லாம் ஐந்தில்தான் மொத்தமாக வந்து இறங்குகின்றன. நான்குக்குப் பிறகு மூன்று நான்கு அமர்வுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புதிதாக ஏதாவது ஒன்று: ஓர் ஊரில் நல்ல பெயர், ஒரு காங்கேயம் காளை, பரிசல்காரர் இனி எந்நேரமும் கூலியின்றி ஏற்றிக்கொள்வார் என்ற வாக்கு. கடைசியாகச் சொன்னதைப் பெற்ற பிள்ளை அதைத் தன் அட்டையில் சிவப்பு மையில் எழுதிவைத்துக்கொண்டது.

அட்டை என்றது அஞ்சலட்டை அளவில் கெட்டித் தாள். அதில் நான்கே வரிகள், பிள்ளையின் சொந்த வாக்கியத்தில், அவர்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். "இருட்டில் என் கண் தெரியும்." "காயத்தைத் தொட்டு ஆற்றுவேன்." தூரம், நேரம், பரப்பளவு எதையும் எழுதவிடுவதில்லை, அந்தச் சிக்கல் வந்தால் நான் தீர்த்துக்கொள்கிறேன். மந்திரங்களை ஏவும் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. மந்திரம் ஏவினால் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும், கதையில் இரவு தூங்கி எழுந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைத் தாளில் கிறுக்கி அழிப்பதைவிட, உள்ளங்கையில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியிருப்பது பிள்ளைக்கு நன்றாகப் புரிகிறது. தாயம் ஆடிய வீடுகளில் கொட்டைக்குப் பஞ்சமும் இல்லை.

ஒரு தவறை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது. அந்த 11 நிமிடங்களுக்குப் பிறகு நான் பதறிப்போய், அடுத்த வாரமே எல்லாரையும் நான்காம் லெவலுக்கு இறக்கிவிட்டேன். ஓராண்டாகச் சேர்த்த ஆற்றலை ஒரே நாளில் பிடுங்கியதாகத்தான் அவர்கள் பார்த்தார்கள். ஒரு பையன் ஒன்றும் சொல்லாமல் தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான், அதன்பின் வரவேயில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. பழைய கதையை மரியாதையாக முடித்துவைத்திருக்க வேண்டும். புதுக் கதையைத் தொடங்கும் நாளில் முதல் பேச்சாக வரம்பைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

விதிப்புத்தகத்தின் பருமனையே நேசிக்கும் பிள்ளைகளும் உண்டு. 22 மந்திரங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் ஒரு சிறுவனுக்கு என் அட்டை சிறையாகத் தெரிந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது கதையில் வரும் பூதங்களுக்கும் பேய்களுக்கும் ஆற்றலை எழுதித் தருகிறவன் அவன்தான். அமர்வுக்கு முன்னால் அரை மணி நேரம் அதைப் பற்றி என்னோடு வாதாடுகிறான். எளிமை எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "இப்போது எத்தனையாவது லெவல்?" என்று வீட்டில் கேட்காதீர்கள். கைப்பேசி விளையாட்டுகள் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்திருக்கின்றன. இன்றைக்குக் கதையில் யாரோடு பேசினாய் என்று கேளுங்கள்.

அந்தப் பெண் இப்போதும் வருகிறாள். புதுக் கதையில் அவள் அட்டையின் மூன்றாவது வரி: "மரத்தோடு பேசுவேன்." போன மாதம் அவளுக்காகவே அந்தப் பாலத்தையும் பூதத்தையும் மறுபடி கதைக்குள் கொண்டுவந்தேன். அவள் கையில் ஒரே ஒரு கொட்டை இருந்தது. கரையோரத்தில் ஒரு புளியமரம் நிற்பதாக நான் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். கொட்டையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், மேசைக்கு நடுவில் மரம் இருப்பதுபோல் பார்த்துக் கேட்டாள்: "உன் நிழலில் இந்தப் பூதம் தூங்கியிருக்கிறதா? தூக்கத்தில் யார் பெயரையாவது சொல்லுமா?"

மரம் என்ன சொல்லும் என்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தவன் திரும்ப உட்கார்ந்துகொண்டான்.