பேட் செக்டார்: சொத்தையா, பழுதா?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரின் லினக்ஸ் கணினி போன மழைக்காலத்தில் என்னிடம் வந்தது. டிசைன் கோப்புகளில் சில திறக்கவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் கட்டளையைக் கொடுத்தால் ஐ/ஓ எரர், அதாவது படிக்க-எழுத முடியாத பிழை, வரிசையாக ஓடுகிறது. "ஹார்ட் டிஸ்க்கில பேட் செக்டார் விழுந்திருக்குங்கண்ணா" என்றேன். "பல்லுல சொத்தை விழற மாதிரிங்களா தம்பி?" என்று கேட்டார். நல்ல தமிழ்ச்சொல்லைத் தேடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்! ஆனால் அந்தச் சொல் பாதிதான் பொருந்துகிறது.

செக்டார் லத்தீன் சொல். 'வெட்டு' என்று பொருள்படும் செகாரே என்ற வினையிலிருந்து வந்தது. செக்‌ஷனுக்கும் அதே வேர்தான். வடிவியலில் இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் இடைப்பட்ட துண்டு செக்டார். நம் பள்ளிக் கணக்கில் அது வட்டக்கோணப் பகுதி. வட்டுத் தகட்டையும் அப்படிக் கூறுபோட்டதாக எண்ணித்தான் கணினியில் இந்தப் பெயர் வந்தது. வட்டில் தகவல் வளையம் வளையமான தடங்களில் பதிகிறது. இன்றைய வட்டில் வெளித்தடங்களில் அதிக செக்டார்களும் உள்தடங்களில் குறைவாகவும் இருக்கும். அதனால் செக்டார் என்பது மையத்திலிருந்து விளிம்புவரை போகும் துண்டு அல்ல. ஒரு தடத்தின் சின்ன வில். அதில் பல காலம் 512 பைட் இருந்தது, புதிய வட்டுகளில் 4096.

ஏற்காட்டு ஆரஞ்சை நினைத்து 'சுளை' என்று சொல்லிப் பார்த்தேன். அழகான சொல்தான், ஆனால் சுளை நடுவிலிருந்து தோல்வரை போகிறது. 'பிரிவு' பொதுப்படையாக இருக்கிறது. கணினியில் வட்டைப் பெரிய பாகங்களாகப் பிரிக்கும் பார்ட்டிஷனையும் அப்படிச் சொல்லிவிடுவோம். 'கூறு' சரியாக உட்காருகிறது. சந்தையில் கத்திரிக்காயைக் கூறுகட்டி வைக்கிறோம், நிலத்தைக் கூறுபோடுகிறோம். வெட்டிப் பங்கிட்ட அளவு என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

இனி 'பேட்'. வட்டு ஒரு கூறைப் படிக்க முயன்று, பிழைதிருத்தக் குறியீட்டாலும் மீட்க முடியாமல் போனால் அதைச் சந்தேகப் பட்டியலில் வைக்கும். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் அறிக்கையில் 197ஆம் எண் அந்தப் பட்டியலின் கணக்கு. அடுத்த முறை அந்த இடத்தில் எழுதும்போது சரியாகப் பதிந்தால் சந்தேகம் நீங்கிவிடும். எழுதும் நேரத்தில் கரண்ட் போய்க் குலைந்த கூறுகள் இப்படித் தேறுவதுண்டு. பதியாவிட்டால் வட்டு அதைக் கைவிட்டு உபரி இடத்திலிருந்து மாற்றுக் கூறு தரும், அப்படி மாற்றியவற்றை எண்ணும் 5ஆம் எண்ணின் கணக்கு ஏறும். இந்த இரண்டாவது வகைதான் சொத்தை. சொத்தைப் பல் தானாக ஆறாது. முதல் வகையைச் சொத்தை என்றால் தவறு. அது பழுது, சரிசெய்யக்கூடியது. ஆகவே பொதுப்பெயர் 'பழுதுக் கூறு', மேற்பரப்பே கெட்டதற்கு 'சொத்தைக் கூறு' என்பது என் முடிவு. 'கெட்ட செக்டார்' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் மரபில் இதற்குத் தனி இடமே உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் உள்ள விவரப் பதிவு ஐநோடு. கோப்பு முறைமையின் மூல அடைவுக்கு (எல்லாவற்றுக்கும் மேலுள்ள அடைவு) ஐநோடு எண் 2 தரக் காரணம், 1ஆம் எண் பழுதான இடங்களைக் கட்டிவைக்க ஒதுக்கப்பட்டதுதான். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இன்றும் அப்படியே வைத்திருக்கிறது. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே-வை மைனஸ் சி சேர்த்து ஓட்டினால், பழுதைத் தேடும் பேட்பிளாக்ஸ் நிரல் கண்டுபிடித்தவை அங்கே போய்ச் சேரும்.

ஆனால் அதை முதலில் ஓட்டாதீர்கள். முதலில் பழுதான வட்டிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூவால், எது படிந்தது எது படியவில்லை என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு, வேறொரு வட்டுக்கு முழு நகல் எடுங்கள். அப்புறம்தான் சோதனை. பேட்பிளாக்ஸில் மைனஸ் டபிள்யூ கொடுத்தால் உள்ளதெல்லாம் அழியும். உள்ளதை அழிக்காமல் சோதிக்கும் மைனஸ் என் கொடுங்கள், அதுவும் மவுண்ட் கழற்றிய (கோப்பு முறைமையைப் பயன்பாட்டிலிருந்து எடுத்த) பிறகு.

பட்டறைக்காரரின் வட்டில் நகல் எடுத்து மறுபடி எழுதியதும் 197 பூஜ்யமானது, 5 ஏறவில்லை. ரசீதில் 'பழுதுக் கூறு, சொத்தை இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். கரண்ட் போனாலும் கணினி உடனே அணையாமலிருக்க ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கச் சொன்னேன்.