'நோ' என்று எழுதியும் பாஸ்வேர்டு கேட்ட சர்வர்

ஒரு சின்ன நிறுவனத்தின் உபுண்டு சர்வரைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். "பாஸ்வேர்டு லாகினை எப்பவோ நிறுத்திட்டோம் சார், எஸ்எஸ்எச் கீ மட்டும்தான்" என்றார் அதைக் கவனித்துவந்த தம்பி. எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி; கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம் லேப்டாப்பில் இருக்கும் ரகசிய ஃபைல். எதற்கும் பார்ப்போமே என்று என் லேப்டாப்பிலிருந்து கீ இல்லாமல் நுழைய முயன்றேன். சர்வர் சாவகாசமாகப் பாஸ்வேர்டு கேட்டது.

தம்பி பொய் சொல்லவில்லை. எஸ்எஸ்எச் அமைப்புகள் இருக்கும் எஸ்எஸ்எச்டி கன்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு வரிக்கு நேரே 'நோ' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஃபைலின் தலைமாட்டில் ஒரு இன்க்ளூட் வரி உண்டு. பக்கத்து ஃபோல்டரில் கிடக்கும் குட்டி ஃபைல்களை அது முதலில் இழுத்துக்கொள்ளும். அங்கே 50 என்ற எண்ணில் தொடங்கும் கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரை முதன்முதலில் தயார்செய்யும் நிரல்) ஃபைல் ஒன்று இருந்தது, அதில் 'யெஸ்'. ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால் சர்வரில் எஸ்எஸ்எச்சை நடத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று பழகிய நமக்கு இது தலைகீழ்.

இதைக் கண்டுபிடிக்க ஃபைல் ஃபைலாகத் தேட வேண்டியதில்லை. எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய 'டி' (-T) போட்டு ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக ஓட்டினால், எல்லா ஃபைலையும் கூட்டிக் கழித்துக் கடைசியில் எது செல்லும் என்று கொட்டிவிடும். சின்ன 'டி' (-t) ஃபைலில் எழுத்துப்பிழை பார்க்க.

குட்டி ஃபைலையும் 'நோ' ஆக்கினோம். சரி, கீ மட்டும் போதுமா? தம்பியின் கீக்குப் பாஸ்ஃப்ரேஸே (கீயைத் திறக்கும் ரகசியச் சொல்) கிடையாது. லேப்டாப் தொலைந்தால் சர்வரும் போச்சு. அதனால் போனில் உள்ள ஆப் காட்டும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கக் குறியீட்டை இரண்டாவது பூட்டாகச் சேர்த்தோம். கூகுள் ஆதென்டிகேட்டரின் பேம் (லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் பகுதி) மாட்யூலை நிறுவி, கன்ஃபிக்கில் கீ, குறியீடு இரண்டும் கட்டாயம் என்று எழுதினோம். பேம் ஃபைலில் வழக்கமான பாஸ்வேர்டு சோதனையைக் கூப்பிடும் காமன்-ஆத் வரியைக் கமென்ட் செய்து முடக்க மறந்தால் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கும். சர்வரின் கடிகாரம் தப்பாக ஓடினால் சரியான குறியீட்டையும் ஏற்காது.

இதையெல்லாம் செய்யும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் டெர்மினலை மூடவே கூடாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த இணைப்பு அறுந்துவிடாது. புது ஜன்னலில் நுழைந்து பார்த்து, தப்பானால் பழையதிலிருந்து திருத்தலாம். நான் ஒருமுறை அவசரத்தில் மூடிவிட்டு, நள்ளிரவில் கிளவுடு கன்சோல் வழியாக நுழையத் திண்டாடியிருக்கிறேன்.

எல்லோரும் குறியீட்டை அமைக்கும்வரை 'நல்ஓகே' என்ற சலுகையை விட்டுவைத்தோம். அது இருந்தால், அமைக்காதவர்களிடம் குறியீடு கேட்காது. ஒரு வாரத்தில் எடுத்துவிட்டேன். அப்புறம் தம்பி போன் மாற்றினார், ஆப்பும் அதோடு போயிற்று. மாட்யூல் முதல் நாளே கொடுத்த 5 அவசரக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி மேஜை டிராயரில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதில் ஒன்றைத்தான் அன்று பயன்படுத்தினார்.