கோகு பப்ஜிக்குள் வரும்போது மூளைக்குள் நடப்பது என்ன?

2022 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள், டிராகன் பால் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகன் கோகு நுழைந்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் பப்ஜி மொபைலுக்கும் வந்தான். 2025 ஜனவரியில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டின் பெர்முடா வரைபடத்தில், இன்னொரு ஜப்பானியக் கார்ட்டூன் நாயகனான நருட்டோ வளர்ந்த கிராமமே, மலைப்பாறையில் செதுக்கிய தலைவர்களின் முகங்களோடு எழுந்து நின்றது. ஒரு நிறுவனத்தின் விளையாட்டுக்குள் இன்னொரு நிறுவனத்தின் கார்ட்டூன் பாத்திரங்கள் சில வாரங்கள் விருந்தாளிகளாகத் தங்கிப் போகும் இந்த ஏற்பாட்டை, காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ‘கொலாப்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உற்றுக் கவனித்தால் இரண்டு விதமான ஆர்வம் தெரியும். கோகுவின் உடையை வாங்க ஓர் இளைஞன் துடிப்பதற்கு, பள்ளிக்கூட வயதில் தொலைக்காட்சியில் அவனைப் பார்த்த நினைவு காரணமாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு அப்படி ஒரு நினைவே கிடையாது. ஆனாலும் அவனும் அதே உடையைக் கேட்கிறான். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், மூளையில் இவை வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன. அந்தப் பாத்திரத்தைத் திரையில் உயிர்ப்பித்த அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு இவற்றால் கிடைக்கும் பலனும் வெவ்வேறுதான். இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் ‘கொலாப் வந்தால் ஸ்டுடியோவின் புகழ் கூடும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியாகாது.

முதலில் நினைவுள்ளவனை எடுத்துக்கொள்வோம். குடியாத்தத்தில் வளர்ந்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவனுக்குக் கார்ட்டூன் நினைவு என்பது கார்ட்டூன் மட்டுமாக இருப்பதில்லை. பள்ளியிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தது, மின்வெட்டு போக மிச்சமிருந்த அரைமணி நேரம், ரிமோட்டுக்காகத் தங்கையோடு போட்ட சண்டை, சமையலறையிலிருந்து வந்த தாளிப்பு வாசனை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். மூளை இவற்றை ஒரே இடத்தில் ஒரே பொருளாக வைப்பதில்லை. படம் ஒரு பகுதியிலும், ஒலி இன்னொரு பகுதியிலும், மணம் வேறொரு பகுதியிலும் பதிய, ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய உறுப்பு அவற்றுக்கு இடையிலான தொடர்பைக் காத்துவருகிறது. பின்னாளில் அவற்றில் ஏதோ ஒரு துணுக்கு கண்ணிலோ காதிலோ பட்டால், அந்தத் தொடர்பு வழியே மற்றவையும் விழித்துக்கொள்கின்றன. ஆரணித் தறியில் மிதிகட்டையை அழுத்தினால் அதோடு கட்டிய பாவு இழைகள் அத்தனையும் ஒருசேர எழும்புவதைப் போன்றது இது.

ஆகவே கொலாப் என்பது அறிவியல் நோக்கில் ஒரு தூண்டுகுறிப்பு. சுட்டுக்கொண்டு ஓடும் ஒரு விளையாட்டின் நடுவே கோகுவின் ஆரஞ்சு நிற உடை தெரிந்ததும் எழுவது கோகுவைப் பற்றிய தகவல் மட்டும் அல்ல, அந்தச் சாயங்காலமும்தான். சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வைல்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் முதலிய உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக விளக்குகிறது. பழைய நாள்களை எண்ணி ஏங்கி மக்கள் எழுதிக் கொடுத்த நினைவுகளில் பொருள்களைவிட மனிதர்களே மிகுதியாக இருந்தார்கள். தனிமை அந்த ஏக்கத்தைத் தூண்டியது. ஏக்கம் எழுந்தபின் பிறரோடு பிணைந்திருக்கும் உணர்வு வலுத்தது. ஊரை விட்டு வந்து அறை நண்பர்களோடு வாழும் ஒருவன் இரவு பதினோரு மணிக்கு அந்த உடைக்குப் பணம் கட்டுவதை வெறும் பிள்ளை விளையாட்டு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அவன் அதில் தேடுவது வீட்டை.

எந்தத் தூண்டுகுறிப்பும் இந்த வேலையைச் செய்துவிடுமா என்றால், செய்யாது. எண்டல் டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973-ல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு நினைவு பதிந்தபோது அதனோடு என்ன குறிப்பு இருந்ததோ, அதே குறிப்புதான் அதைத் திறம்பட மீட்கும். இதற்கு விளையாட்டு உலகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021 அக்டோபரில் நிக்கலோடியன் ஆல்-ஸ்டார் பிரால் வெளிவந்தது. ஸ்பாஞ்ச்பாப் முதலான பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் அந்த விளையாட்டில் உருவம், நடை, அடி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருந்தும், பாத்திரங்கள் வாய் திறந்து பேசவில்லை. விளையாடியவர்கள் அந்தக் குறையை விடாமல் சுட்டிக்காட்டினார்கள். 2022-ல் வந்த இலவசப் புதுப்பிப்பில் குரல்கள் சேர்க்கப்பட்டன. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தும், காதுக்கு உரிய குறிப்பு இல்லாததால் நினைவு பாதி வழியில் நின்றுவிட்டது.

தமிழ்ப் பிள்ளைகளின் கதைக்கு நான் வர விரும்புவது இந்த இடத்தில்தான். 2007-ல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு வடஆற்காட்டு வீடுகளில் கார்ட்டூன் என்றாலே தமிழ்க் குரல் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஒளிபரப்பான ஜாக்கி சான் கார்ட்டூன் தொடர், இங்கே தமிழில் பேசியதால்தான் ஒரு தலைமுறையின் சொந்தச் சொத்தானது. அதில் வரும் கிழவரின் குரலை இன்றும் பாவனை செய்து காட்டக்கூடியவர்கள் வேலூரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் நினைவின் சாவி அந்தக் குரல். அப்படித் தமிழில் பதிந்த ஒரு பாத்திரம் நாளை ஒரு விளையாட்டுக்குள் ஆங்கிலமோ ஜப்பானியமோ பேசிக்கொண்டு வந்தால், முகம் பழகியதாகவும் குரல் அந்நியமாகவும் இருக்கும். ஏக்கம் முழுமையாக எழாது.

நருட்டோவின் நிலைமை இதற்கு நேர்மாறு. சோனி யாய் அலைவரிசை வழியாக நருட்டோ தமிழ் பேசத் தொடங்கியது 2022-ல்தான். அதற்கு முன்பே அதைப் பார்த்து முடித்தவர்கள், கல்லூரி விடுதியில் நண்பனின் மடிக்கணினியிலிருந்து வாங்கி வந்து, ஜப்பானியக் குரலையும் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன எழுத்துகளையும் ஒன்றாகப் பழகியவர்கள். அவர்களுக்கு விளையாட்டில் ஒலிக்கும் ஜப்பானியக் கூவலே வீட்டுக் குரல். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஜப்பானிய நருட்டோவும் தம்பிக்குத் தமிழ் நருட்டோவும் இருப்பதால், ஒரே கொலாப் இருவரிடமும் ஒரே அளவு ஏக்கத்தை எழுப்பாது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு மட்டும் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. 1940-ல் பிறந்த அந்தப் பூனையும் எலியும் பேசுவதே அபூர்வம். டாமின் அலறல், அதன் படைப்பாளிகளில் ஒருவரான வில்லியம் ஹன்னா கொடுத்த குரல், எந்த ஊரிலும் அதே அலறல்தான்.

இனி, நினைவே இல்லாத அந்த ஏழாம் வகுப்புப் பையன். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றே அதன்மீது விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968-ல் காட்டினார். பொருளற்ற சொற்கள், முன்பின் அறியாத எழுத்துருக்கள், பழக்கமில்லாத முகங்கள் ஆகியவற்றைக் கொண்டே அதை நிறுவினார். கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி ஏறக்குறைய இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். விளையாட்டில் அணியும் உடையோ ஒவ்வொரு ஆட்டத்திலும், வாரக்கணக்கில், கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் அந்த உருவத்தைத் தன் விரலாலேயே இயக்குகிறான் என்பதால், பார்ப்பவனுக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான தூரம் மேலும் குறைகிறது. ஆனால் இந்த விருப்பம் எல்லையில்லாமல் வளர்வதில்லை. இத்துறையில் நடந்த 200-க்கும் மேற்பட்ட சோதனைகளை 1989-ல் தொகுத்து ஆராய்ந்த ராபர்ட் போர்ன்ஸ்டீன், அளவுக்கு மீறிப் பார்த்தால் சலிப்பு வந்து விருப்பம் தேய்வதையும் கண்டார்.

இதனோடு வெகுமதிக் கணக்கும் சேர்கிறது. குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்த வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், எதிர்பார்த்தபடியே கிடைத்த வெகுமதியைவிட எதிர்பாராமல் கிடைத்த வெகுமதிக்கு அவை கூடுதலாகத் துடிப்பதை 1990-களில் காட்டினார். கொலாப் உடைகள் பல நேரங்களில் நேரடி விலைக்குக் கிடைப்பதில்லை. டைமண்ட் என்ற விளையாட்டுப் பணத்தைச் செலவழித்துச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், கிடைத்தால் உண்டு. அந்த ஏற்பாடு துல்லியமாக இந்த நரம்பணுக்களை நோக்கியே அமைந்திருக்கிறது. கிடைத்த நொடியின் மகிழ்ச்சி பாத்திரத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால் பாத்திரம் பிடித்துப்போகிறது. அப்பாவின் கைபேசியிலிருந்து யூபிஐ வழியாகப் பணம் போன பிறகே வீட்டுக்குத் தெரியவருகிறது என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. முன்மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும். ஏக்கத்தை விற்பது ஒரு வணிகம்தான். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சூதாட்ட வடிவில் விற்பதை நான் ஏற்கவில்லை.

சரி, இத்தனை விருப்பமும் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேருகிறதா? நினைவாற்றலின் ஒரு பலவீனம் இங்கே குறுக்கிடுகிறது. ஒன்றை நினைவில் வைப்பதும், அது எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதுதான் முதலில் நழுவும். ஜாக்கி சான் தொடரின் வசனங்களை ஒப்பிக்கும் வேலூர்க்காரரிடம் அதைத் தயாரித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். சுட்டி டிவி என்பார். அது சோனியின் தொலைக்காட்சித் தயாரிப்பு என்பது அவர் மனதில் பதியவே இல்லை. நருட்டோவை 2002 முதல் வரைந்தது ஸ்டுடியோ பியரோ. அட்டாக் ஆன் டைட்டன் தொடரை முதல் மூன்று பருவங்கள் விட் ஸ்டுடியோவும் அதன்பின் மாப்பா ஸ்டுடியோவும் வரைந்தன. விளையாட்டுக்குள் வரும் உடையில் இந்தப் பெயர்கள் எங்கும் தெரிவதில்லை.

பணக் கணக்கும் அப்படியே. ஜப்பானில் அனிமே எனப்படும் கார்ட்டூன் தொடர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் ஆகியவை கூட்டாக முதல் போட்டு ஒரு தயாரிப்புக் குழுவை அமைக்கின்றன. அந்தக் குழுவில் பங்கு இல்லாத ஸ்டுடியோவுக்கு வரைந்து கொடுத்த கூலி மட்டுமே மிஞ்சும்; கொலாப் உரிமத் தொகை வேறு பக்கம் போய்விடும். 1948-ல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த டோயே அனிமேஷன் இதில் ஒரு விதிவிலக்கு. உரிம வருமானத்தைத் தன் நிதி அறிக்கையில் தனிப் பிரிவாகவே காட்டும் அந்த நிறுவனத்துக்கு டிராகன் பால் விளையாட்டுகள் பெரிய வரவு. மறுபக்கம், 1995-ல் எவாஞ்சலியன் தொடரை உருவாக்கிய கைனாக்ஸைப் பாருங்கள். உரிமை காரா என்ற புதிய ஸ்டுடியோவிடம் போய்விட, 2022-ல் எவாஞ்சலியன் பப்ஜி மொபைலுக்குள் வந்து இளைஞர்களைக் கவர்ந்தது. கைனாக்ஸோ 2024-ல் திவாலானது. பாத்திரத்தின் புகழ் உயர்ந்துகொண்டிருக்கும்போதே அதைப் பெற்றெடுத்த வீடு இடிந்துவிழ முடியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி டிஸ்னியின் வரலாற்றில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. 1927-ல் வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் ஆஸ்வால்ட் என்ற முயலை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே அதன் உரிமை யுனிவர்சல் பக்கம் கைநழுவ, அந்த இழப்பிலிருந்து பிறந்ததுதான் மிக்கி மவுஸ். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆஸ்வால்டைப் பெரும்பாலானோர் மறந்திருந்தார்கள். 2006-ல் டிஸ்னி தன்னிடம் இருந்த ஆல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வருணனையாளரை என்பிசிக்கு விட்டுக்கொடுத்து, அந்தப் பேரத்தில் முயலைத் திரும்பப் பெற்றது. 2010-ல் எபிக் மிக்கி என்ற விளையாட்டில், மறக்கப்பட்ட பாத்திரங்கள் வாழும் பாழ்நிலத்தின் தலைவனாக, மிக்கியின் புகழைக் கண்டு மனம் புழுங்கும் அண்ணனாக, ஆஸ்வால்ட் வந்தான். அன்று விளையாடியவர்களில் அநேகமாக எவருக்கும் அவனைப் பற்றிய பால்ய நினைவு கிடையாது. எழுப்புவதற்கு ஏக்கமே இல்லை. இருந்தும் பிடித்துப்போனதற்குக் காரணம், விளையாட்டு அவனுக்கு ஒரு கதையைக் கொடுத்தது. 2022-ல் டிஸ்னி ஸ்டுடியோ அவனை வைத்து ஒரு புதிய குறும்படமே எடுத்தது.

உடையை மட்டும் இரவல் வாங்கும் கொலாபுக்கும், கதையையும் சேர்த்துக் கொண்டுவரும் கொலாபுக்கும் உள்ள வேறுபாடு இதில் புலப்படும். 2002-ல் ஸ்கொயர் நிறுவனமும் டிஸ்னியும் சேர்ந்து செய்த கிங்டம் ஹார்ட்ஸில் டொனால்டும் கூஃபியும் தொடக்கம் முதல் கூடவே பயணம் செய்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் உலகமும் அதன் இடம், இசை, பகை எல்லாவற்றோடும் வருகிறது. குறிப்புகள் கூடக்கூட நினைவும் கூடுதலாக மீள்கிறது, புதியவனுக்கும் மூலப் படத்தை நோக்கி ஒரு வழி திறக்கிறது. ஃபோர்ட்நைட்டும் 2022 கொலாபின்போது டிராகன் பால் சூப்பர் தொடரின் சில பகுதிகளை விளையாட்டுக்குள்ளேயே திரையிட்டுக் காட்டியது. ஸ்டுடியோவுக்கு நீடித்த பலன் தருவது இந்த வகைதான் என்பது என் கருத்து. எதிர்முனையில் வார்னர் பிரதர்ஸின் மல்டிவெர்சஸ் என்ற விளையாட்டு இருக்கிறது: டாம், ஜெர்ரி, பக்ஸ் பன்னி, பேட்மேன் என எல்லாரும் திரண்டிருந்தும் 2025 மே மாதத்தோடு அதன் சேவை மூடப்பட்டது.

கடைசியாக ஒன்று. நினைவு என்பது எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைக்கும் பொருள் அல்ல. 2000-ல் கரீம் நாடரும் ஜோசஃப் லெடூவும் எலிகளிடம் செய்த சோதனையில், மீட்டெடுத்த அச்ச நினைவு மறுபடி இளகிய நிலைக்குப் போய், புதிதாகப் புரதம் உருவானால்தான் மீண்டும் உறுதிப்படுகிறது என்று தெரியவந்தது. மனிதர்களின் சிக்கலான நினைவுகளில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் நினைவுகூரும்போதெல்லாம் புதிய விவரம் பழையதோடு கலக்க முடியும் என்பதில் ஐயம் இல்லை. கையில் துப்பாக்கியோடு ஓடும் கோகுவை ஐந்நூறு முறை பார்த்தவன் மனதில், குடியாத்தத்துச் சாயங்காலத்தின் கோகுவும் சிறிது சிறிதாக மாறியிருப்பான். அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கோ பப்ஜி கோகுதான் மூலம். 2022-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தமிழ் பேசத் தொடங்கிய டிராகன் பால் சூப்பரை அவன் பின்னர் பார்க்க நேர்ந்தால், ‘விளையாட்டில் வருகிறவன் டிவியிலும் வருகிறானே’ என்றுதான் அடையாளம் காண்பான்.